வலிப்புக் குளிசையும் கர்ப்பிணியின் இரத்தமும்: பிளேட்லெட் குறைந்தால் நிறுத்தலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி, சுருக்கமாக இது: மனைவிக்கு 27 வயது, 24 கிழமைக் கர்ப்பம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து வலிப்புக்கு சோடியம் வால்ப்ரோவேட் எடுக்கிறார், காலையும் இரவும் 500 மி.கி. மூன்று வருடமாக வலிப்பு வரவில்லை. போன கிழமை தனியார் லேப் ஒன்றில் செய்த எஃப்.பி.சி. என்ற முழு இரத்த எண்ணிக்கைப் பரிசோதனையில் பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவுகிற சிறு அணுக்கள்) 112,000, ஹீமோகுளோபின் 10.1, எம்.சி.வி. 74. "குளிசைதான் இரத்தத்தைக் கெடுக்குது, நிறுத்திப் போடுங்கோ" என்று வீட்டில் பெரியவர்கள் நிற்கிறார்கள். நிறுத்தலாமா? பிள்ளைக்கு இரத்தப்போக்கு வருமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுத்த வேண்டாம் தம்பி. இன்றிரவுக் குளிசை இன்றிரவே போக வேண்டும். 112,000 என்பது கவனித்துக்கொண்டிருக்க வேண்டிய எண்தான், ஆனால் அந்த எண்ணுக்காக வால்ப்ரோவேட்டைத் திடீரென்று விடுவது, இல்லாத ஆபத்தைக் கையால் வரவழைப்பது. பல வருடம் ஒழுங்காகப் போட்ட மருந்தை ஒரே நாளில் விட்டால் விட்டு விட்டு இல்லாமல் தொடர்ச்சியாக வலிப்பு வரலாம். அது கர்ப்பிணிக்கு வந்தால் விழுந்து வயிறு அடிபடலாம், தாய்க்கும் பிள்ளைக்கும் ஒட்சிசன் குறையலாம், தாயின் உயிரே போகலாம். நான் இரத்தவியல் பிரிவில் வேலை செய்கிறவன். இரத்தத்தைப் பற்றிக் கவலைப்படுவதுதான் என் தொழில். அப்படியிருந்தும் உங்கள் வீட்டில் எனக்குள்ள முதல் கவலை வலிப்புதான், பிளேட்லெட் இரண்டாவது.

இனி அந்த எண்ணைப் பார்ப்போம். பிளேட்லெட் சாதாரணமாக 150,000 முதல் 400,000 வரை. 50,000க்கு மேலே இருக்கும்வரை, பிளேட்லெட் ஒழுங்காக வேலை செய்தால், தானாக இரத்தம் கசிவது அரிது. ஆகவே 112,000இல் உங்கள் மனைவிக்கு முரசில் இரத்தம், மூக்கில் இரத்தம், காரணமில்லாமல் தோலில் கண்டல், காலில் சிவப்புப் புள்ளிகள் எதுவும் இல்லையென்றால் அவசரம் ஒன்றுமில்லை. இருந்தால் எண் எதுவானாலும் அன்றே போய்க் காட்ட வேண்டும்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த எண் உண்மைதானா என்று பார்க்க வேண்டும். எஃப்.பி.சி.க்கு இரத்தம் எடுக்கிற ஊதா மூடிப் போத்தலில் ஈ.டி.டி.ஏ. என்ற பொருள் இருக்கிறது, இரத்தம் உறையாமல் வைத்திருக்க. சிலருடைய பிளேட்லெட்டுகள் அந்தப் பொருளில் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாகிவிடும். மெஷின் அந்தக் கட்டிகளைப் பிளேட்லெட் என்று எண்ணாது, குறைவு என்று அச்சடித்துக் கொடுத்துவிடும். ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், இழுப்பின் ஓரத்தில் அந்த ஊதாக் கட்டிகள் பளிச்சென்று தெரியும். அப்போது நீல மூடிப் போத்தலில், சிட்ரேட் போட்டு, மறுபடி எடுத்துப் பார்ப்போம். எண் ஏறிவிடும். உடம்பில் குறைவே இல்லாமல், போத்தலில் மட்டும் குறைந்த பிளேட்லெட்டுக்காகக் குடும்பங்கள் நித்திரையில்லாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே கிளினிக்கில் கேளுங்கள்: "எஃப்.பி.சி. திரும்பச் செய்து, பிளட் பிக்சரும் பார்க்க ஏலுமா?" தகட்டில் மைக்ரோஸ்கோப்பால் பார்ப்பதற்குத்தான் அந்தப் பெயர். செலவு கூடிய பரிசோதனை இல்லை.

திரும்பச் செய்தும் குறைவாகவே இருந்தால், அப்புறம்தான் காரணம் தேட வேண்டும். வால்ப்ரோவேட் ஒரு காரணம், ஒரே காரணம் அல்ல. வலிப்பு இல்லாத, ஒரு மருந்தும் எடுக்காத கர்ப்பிணிகளிலேயே நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குப் பிளேட்லெட் 150,000க்குக் கீழே இறங்கும். பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில் தெரியும், அதிகம் இறங்காது, பிள்ளையைப் பாதிக்காது, பிள்ளை பிறந்தபின் தானாக ஏறும். இன்னொரு காரணம் பாரமானது: பிரஷர் கூடி, காலும் முகமும் வீங்கி, தலையிடி, கண் மங்கல், நெஞ்சுக்குழியில் நோவு என்று வந்து பிளேட்லெட்டும் இறங்கினால் அது கர்ப்பகால உயர் இரத்த அழுத்த நோய். அதிலும் வலிப்பு வரும். ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ள ஒருவருக்கு அப்படி வந்தால் "இது அவவுடைய பழைய வலிப்புத்தான்" என்று வீட்டிலே வைத்துப் பார்த்துவிடுவார்கள். அங்கேதான் உயிர் போகிறது. 20 கிழமைக்குப் பிறகு வருகிற எந்த வலிப்பையும் பழைய வலிப்பு என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும். வரும்வரை இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்காது, தேடுகிற நேரம்தான் வீண்.

வால்ப்ரோவேட் என்ன செய்கிறது? பிளேட்லெட்டைக் குறைப்பது அளவோடு சம்பந்தப்பட்ட விஷயம். குளிசையின் அளவு கூடக் கூட, இரத்தத்தில் மருந்தின் மட்டம் ஏற ஏற, இறங்கும் வாய்ப்பும் கூடும். பெண்களில் மட்டம் ஒரு மில்லிலீற்றருக்கு 110 மைக்ரோகிராமைத் தாண்டும்போது இது தெளிவாகக் கூடுகிறது, ஆண்களில் 135ஐத் தாண்டும்போது. எண்ணிக்கை மட்டுமல்ல, பிளேட்லெட்டின் வேலைத்திறனும் சிலருக்குக் குறையும். உறைதலுக்கு வேண்டிய ஃபைப்ரினோஜனும், வொன் வில்லிபிராண்ட் என்ற புரதமும் சிலருக்குக் குறையும். அதனால்தான் வால்ப்ரோவேட் எடுப்பவருக்குச் சத்திரசிகிச்சை இருந்தால், பிளேட்லெட் எண்ணிக்கை நன்றாக இருந்தாலும், உறைதல் பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறோம். நாளுக்கு 1000 மி.கி. என்பது நடுத்தர அளவு. அளவைக் குறைப்பதா, பிரித்துக் கொடுப்பதா, அப்படியே விடுவதா என்பதை நரம்பியல் டொக்டர் முடிவெடுப்பார். மட்டத்தைப் பார்க்கும்போதும் அவருக்குத் தெரிந்த ஒரு சூட்சுமம் உண்டு. கர்ப்பத்தில் இரத்தத்திலுள்ள அல்புமின் குறைவதால் வால்ப்ரோவேட்டின் மொத்த மட்டம் இறங்கியதுபோல ரிப்போர்ட்டில் தெரியும், ஆனால் அல்புமினோடு ஒட்டாமல் நின்று வேலை செய்கிற கட்டற்ற பங்கு அந்தளவுக்கு இறங்கியிருக்காது. ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து அளவைக் கூட்டினால் பிளேட்லெட்டுக்குத்தான் அடி.

கொழும்பில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். டெங்கு. மழைக்குப் பிறகு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் யாருக்காவது காய்ச்சல் இல்லாத கிழமை இருக்கிறதா? டெங்கு பிளேட்லெட்டை 20,000க்குக் கீழேயும் கொண்டுபோகும். மற்றவர் 250,000இலிருந்து இறங்குவார், உங்கள் மனைவி 112,000இலிருந்து இறங்குவார். ஆகவே காய்ச்சல் வந்தால் மூன்றாம் நாள்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், முதல் நாளே வைத்தியசாலைக்குப் போங்கள். போன உடனே, கர்ப்பம், வால்ப்ரோவேட் எடுக்கிறார், கடைசிப் பிளேட்லெட் இவ்வளவு, இந்த மூன்றையும் சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும். டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் வேண்டாம். அஸ்பிரினையும் நீங்களாக எடுத்துக் கொடுக்க வேண்டாம், அது பிளேட்லெட்டின் வேலையைக் கெடுப்பதோடு வால்ப்ரோவேட்டின் கட்டற்ற பங்கையும் கூட்டும். சில தாய்மாருக்கு பிரஷர் வராமல் தடுக்கக் கிளினிக்கிலேயே சிறிய அளவு அஸ்பிரின் எழுதுவார்கள். அப்படி எழுதியிருந்தால் நீங்களாக விடவும் வேண்டாம், பிளேட்லெட் ரிப்போர்ட்டைக் காட்டி "இதைத் தொடரலாமா" என்று கேளுங்கள்.

சரி, ஹீமோகுளோபினுக்கு வருவோம். 10.1 குறைவுதான். கர்ப்பத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 வீதம் கூடும், சிவப்பணுக்கள் அந்தளவு கூடாது, அதனால் நடுமாதங்களில் 10.5 வரை இறங்குவதைச் சாதாரணம் என்றே எடுக்கிறோம். அதற்கும் கீழே என்றால் சோகை. ஆனால் இந்தச் சோகையை வால்ப்ரோவேட்டின் தலையில் போடாதீர்கள். எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் சராசரிப் பருமன், 80 முதல் 100 வரை இருக்க வேண்டும். 74 என்றால் அணுக்கள் சிறுத்திருக்கின்றன. வலிப்பு மருந்துகளால் அணு பெருக்குமே தவிர சிறுக்காது. சிறுத்தால் நம் நாட்டில் முதல் சந்தேகம் இரும்புச்சத்துக் குறைவு, அடுத்தது தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் கடத்தி நிலை. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் பரிசோதனையைப் பார்த்தால் முதலாவது தெரியும். பெரிட்டின் நன்றாக இருந்தால் தலசீமியாவுக்கான ஹீமோகுளோபின் பரிசோதனை செய்ய வேண்டும். மனைவி கடத்தி என்று வந்தால் தம்பி, நீங்களும் இரத்தம் கொடுக்க வேண்டும், இரண்டு பேரும் கடத்தியாக இருந்தால்தான் பிள்ளைக்குப் பிரச்சினை.

இரும்புச்சத்துக் குறைவுதான் என்றால், கிளினிக்கில் தருகிற இரும்புக் குளிசை ஒழுங்காக உள்ளே போகிறதா என்று பாருங்கள். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடித்துவிட்டு இரும்புக் குளிசையைப் போட்டால் தேயிலையே அதைப் பிடித்து வைத்துவிடும். கல்சியம் குளிசையோடு சேர்த்துப் போட்டாலும் அப்படித்தான். இரும்பை ஒரு நேரம், கல்சியத்தை வேறு நேரம் கொடுங்கள். இரும்போடு கிளினிக்கில் தருகிற விற்றமின் சி, இல்லையென்றால் ஒரு தோடம்பழமோ கொய்யாப்பழமோ. பிளேன்டீக்கு ஒரு மணித்தியாலமாவது இடைவெளி.

இந்த இடத்தில் ஃபெனிட்டோயின், பீனோபார்பிற்றோன் என்ற வேறு வலிப்பு மருந்துகள் எடுக்கிற தாய்மாருக்காகக் கொஞ்சம் விலகிப் பேசுகிறேன், அவர்களுடைய கதை இதற்கு நேர்மாறு. இந்த மருந்துகள் உடம்பில் ஃபோலேட்டைக் குறைக்கும். ஃபோலேட் குறைந்தால் எலும்பு மச்சையில் சிவப்பணு ஒழுங்காகப் பிரியாது, பெருத்த அணுக்கள் வெளியே வரும், எம்.சி.வி. 100ஐத் தாண்டும். தகட்டில் பார்க்கும்போது வெள்ளையணுவே காட்டிக்கொடுத்துவிடும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவின் கரு சாதாரணமாக இரண்டு முதல் ஐந்து துண்டாக இருக்கும், ஃபோலேட்டோ பி12ஓ குறைந்தால் ஆறு, ஏழு துண்டு. கர்ப்பத்தில் பிள்ளையும் ஃபோலேட்டை இழுப்பதால் இது வேகமாக வரும். இந்த உறவைக் கண்டுபிடித்த கதையில் நம் வீடுகளிலுள்ள ஒரு போத்தலுக்கும் பங்கு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாயில் துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளின் பெருத்த அணுச் சோகையை ஆராய்ந்து, அது மார்மைட்டால் மாறுகிறது என்று 1931இல் எழுதினார். அதற்குள் இருந்த பொருளைத்தான் பின்னால் ஃபோலேட் என்று பிரித்தெடுத்தார்கள். பாணில் மார்மைட் பூசிச் சாப்பிடுவதால் தப்பில்லை, ஆனால் வலிப்பு மருந்து எடுப்பவருக்கு அது குளிசைக்கு ஈடாகாது.

குளிசையின் அளவும் முக்கியம். வலிப்பு மருந்து எடுக்கும் பெண்களுக்கு வழமையாக எழுதுவது நாளுக்கு 5 மி.கி. ஃபோலிக் அசிட், அதுவும் கர்ப்பம் தரிக்க முன்பே தொடங்க வேண்டும். பிள்ளையின் மூளையும் முண்ணாணும் உருவாகிற நரம்புக்குழாய் கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும், பல பெண்களுக்கு அந்த நேரம் கர்ப்பம் என்றே தெரியாது. சைவச் சாப்பாட்டுக் குடும்பம் என்றால் பி12உம் பார்க்கச் சொல்லுங்கள். பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அசிட் மட்டும் கூட்டிக் கொடுத்தால் சோகை தேறியதுபோலத் தெரியும், நரம்புப் பாதிப்பு உள்ளுக்குள் போய்க்கொண்டே இருக்கும். ஃபெனிட்டோயின் எடுப்பவருக்கு ஃபோலிக் அசிட் தொடங்கினால் ஃபெனிட்டோயின் மட்டம் இறங்கலாம், கல்சியக் குளிசையோடு சேர்த்துப் போட்டாலும் உறிஞ்சுவது குறையலாம். அதற்காக ஒன்றையும் விட வேண்டாம், நேரத்தைப் பிரித்துப் போட்டு டொக்டருக்குத் தெரியப்படுத்தினால் போதும்.

கார்பமஸெபின் என்ற இன்னொரு வலிப்பு மருந்துக்கு வெள்ளையணுக்கள்தான் பலவீனமான இடம். அது தொடங்கிய முதல் மாதங்களில் பத்தில் ஒருவருக்கு வெள்ளையணு கொஞ்சம் இறங்கும், பெரும்பாலும் தானாகவே ஏறிவிடும். எலும்பு மச்சை முழுதாக ஓய்ந்துபோவது மிக மிக அரிது. கர்ப்பத்தில் ஒரு சிக்கல் என்னவென்றால், வெள்ளையணு இயல்பாகவே கூடுகிற காலம் அது. 9,000, 12,000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 4,000 என்று வந்தால் லேப் தாளில் "நோர்மல்" என்றுதான் இருக்கும், கர்ப்பிணிக்கு அது குறைவு. தொண்டை நோவு, வாய்ப்புண், காய்ச்சல் சேர்ந்து வந்தால் அன்றே எஃப்.பி.சி. செய்ய வேண்டும். லமோட்ரிஜின், லெவெட்டிரசிற்றம் என்ற வலிப்பு மருந்துகள் இரத்தத்தைப் பொறுத்தவரை சாதுவானவை. லெவெட்டிரசிற்றம் எப்போதாவது பிளேட்லெட்டைக் குறைக்கும், அவ்வளவுதான். இந்த இரண்டின் பிரச்சினை, கர்ப்பத்தில் மட்டம் இறங்கி வலிப்பு திரும்ப வருவது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, பிள்ளைக்கு இரத்தப்போக்கு. உங்கள் பெரியவர்கள் எங்கோ கேட்டதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது முக்கியமாக வேறு குளிசைகளுக்கு உரியது. ஃபெனிட்டோயின், பீனோபார்பிற்றோன், கார்பமஸெபின் மூன்றும் ஈரலின் நொதிகளைத் தூண்டிவிடும் மருந்துகள். அவை தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய், பிள்ளையின் விற்றமின் கே வேகமாகச் சிதையக் காரணமாகும். விற்றமின் கே இல்லாமல் 2, 7, 9, 10ஆம் இலக்க உறைதல் காரணிகள் வேலை செய்யாது. அதனால் சில பிள்ளைகளுக்குப் பிறந்து 24 மணித்தியாலத்துக்குள்ளேயே தொப்புளிலும் குடலிலும், மோசமானால் மூளையிலும் இரத்தம் கசியலாம். அரிதானது, ஆனால் வந்தால் கொடுமையானது. வால்ப்ரோவேட் அந்த நொதிகளைத் தூண்டுவதில்லை. அதனால் உங்கள் பிள்ளைக்கு இந்த வழியில் வருகிற ஆபத்து குறைவு. வால்ப்ரோவேட்டால் பிள்ளையின் ஃபைப்ரினோஜனோ பிளேட்லெட்டோ குறைந்தது மிக அரிதாகவே பதிவாகியிருக்கிறது.

எந்தக் குளிசையானாலும், பிள்ளை பிறந்த உடனே தொடையில் 1 மி.கி. விற்றமின் கே ஊசி போக வேண்டும். காசல் வீதி, டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலைகளில் இது எல்லாப் பிள்ளைக்கும் வழமையாகப் போடுவது. தனியார் வைத்தியசாலை என்றாலும் கேட்டு உறுதிப்படுத்துங்கள், கொப்பியில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். நொதி தூண்டும் குளிசை எடுக்கும் தாய்க்குக் கடைசி மாதத்தில் வாயால் 10 மி.கி. விற்றமின் கே கொடுப்பது பற்றி மருத்துவர்களிடையே இரண்டு கருத்து உண்டு. என் அபிப்பிராயம்: குறைமாதத்தில் பிறக்க வாய்ப்புள்ள பிள்ளை என்றால் கொடுப்பதன் பக்கமே சாய்வேன்.

வால்ப்ரோவேட்டைப் பற்றி உண்மையாகக் கவலைப்பட வேண்டியது இரத்தம் அல்ல என்பதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. பல நாட்டுக் கர்ப்பங்களைப் பதிவுசெய்த ஐரோப்பிய ஆய்வு 2018இல் வெளியிட்ட கணக்கில், பெரிய பிறவிக் குறைபாடு வால்ப்ரோவேட்டில் 10.3 வீதம், கார்பமஸெபினில் 5.5, லமோட்ரிஜினில் 2.9, லெவெட்டிரசிற்றமில் 2.8. பிள்ளையின் கற்றல் திறனையும் அது பாதிக்கக்கூடும். அதனால்தான் பிரித்தானியா 2018இலிருந்து பிள்ளைபெறும் வயதுப் பெண்களுக்கு இதைக் கொடுப்பதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியிருக்கிறது. உங்கள் மனைவி 24 கிழமையில் இருக்கிறார். உறுப்புகள் உருவாகும் காலம் தாண்டிவிட்டது. 18 முதல் 22 கிழமைக்குள் செய்கிற விரிவான ஸ்கான் செய்து, முள்ளந்தண்டும் இருதயமும் நன்றாக இருக்கிறது என்றால் பெரிய நிம்மதி. செய்யவில்லை என்றால் இந்தக் கிழமையே செய்யுங்கள். இப்போது மருந்தை மாற்றுவதா என்பது நரம்பியல் டொக்டரும் மகப்பேற்று டொக்டரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. தேசிய வைத்தியசாலையின் நரம்பியல் கிளினிக்குக்கு இரண்டு கொப்பிகளையும் ஒன்றாகக் கொண்டு போங்கள். வலிப்புக் கொப்பி ஒரு இடத்தில், கர்ப்பிணிப் பதிவேடு இன்னொரு இடத்தில் என்று இருப்பதுதான் நம் ஊரில் பாதிப் பிழைகளுக்குக் காரணம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கும் குளிசையின் பெயரும் அளவும் தெரிந்திருக்க வேண்டும். வலிப்பு என்று சொன்னால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்று மறைக்கிற குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அந்த மறைப்பின் விலையைக் கொடுப்பது அந்தப் பெண்தான்.

பிரசவத்துக்கு முன் செய்ய வேண்டியது: எஃப்.பி.சி.யை மாதம் ஒருமுறை, 36 கிழமைக்குப் பிறகு உறைதல் பரிசோதனைகளோடு சேர்த்து. முதுகில் விறைக்கிற ஊசி போட மயக்க மருந்து டொக்டர்கள் பொதுவாக 70,000 முதல் 80,000க்கு மேல் பிளேட்லெட் இருப்பதை விரும்புவார்கள். பிரசவத்துக்கோ சிசேரியனுக்கோ 50,000க்கு மேல் வேண்டும். உங்கள் மனைவி இப்போது இரண்டுக்கும் மேலேதான் இருக்கிறார். 100,000க்குக் கீழே இறங்கினால், அல்லது ஒவ்வொரு முறையும் இறங்கிக்கொண்டே போனால், இரத்தவியல் டொக்டரிடமும் காட்டச் சொல்வார்கள். பிரசவ அறைக்குள் போகும்போதும் வலிப்புக் குளிசை கைப்பையில் இருக்கட்டும். பிரசவ வலி நீண்டு, நித்திரை கெட்டு, ஒரு நேரக் குளிசை தவறினால் வலிப்பு வர அதுவே போதும்.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம், வால்ப்ரோவேட் பாலில் மிகக் கொஞ்சம்தான் போகும். பிள்ளையின் உடம்பில் கண்டலோ சிவப்புப் புள்ளிகளோ தெரிந்தாலும், தொப்புளில் இரத்தம் கசிந்தாலும், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும் உடனே சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள், தாய் என்ன குளிசை எடுக்கிறார் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கர்ப்பத்தில் குளிசையின் அளவைக் கூட்டியிருந்தால் பிரசவத்துக்குப் பின் அதைப் பழையபடி குறைக்க வேண்டிவரும், அந்தத் திகதியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அடுத்த பிள்ளைக்கு யோசிக்கும்போது, குடும்பக் கட்டுப்பாட்டை விடுவதற்குப் பல மாதம் முன்பே நரம்பியல் டொக்டரிடம் போய், வால்ப்ரோவேட்டுக்குப் பதிலாக வேறு மருந்துக்கு மெதுவாக மாற முடியுமா என்று கேளுங்கள்.